ஜும்ஆவுக்கு முன் பூட்டிய டிஃப்

2024 பெப்ரவரி 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு, புத்தளம்–கற்பிட்டி வீதியில் மாம்புரிக்கு வடக்கே இஸ்ஸதீனின் கராஜில், கண்டக்குழி முபாரிஸின் வெள்ளைக் கெப் வண்டிக்கு வேறொரு பின் டிஃப் பூட்டப்பட்டது.

பின்சக்கரங்கள் இரண்டையும் சுழற்றுகிற பல்சக்கரப் பெட்டியைத்தான் இந்தப் பக்கத்தில் டிஃப் என்பார்கள். பழையது போனதற்குக் கடல் காரணம். கண்டக்குழியில் படகை இறக்கவும் ஏற்றவும் கெப்பைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் விடுவது வழக்கம். சக்கரம் பாதி நனைந்தால் போதும். முபாரிஸ் அவசரக்காரன், மீன் ஏற்றுகிற பின்பெட்டி நனையும்வரை விடுவான். டிஃப்பின் தலையில் மூச்சுவிட ஒரு சின்னத் துவாரம் உண்டு. ஓடிச் சூடேறிய டிஃப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் அந்தத் துவாரத்தால் கடலை உறிஞ்சிவிடும். இஸ்ஸதீன் அடியில் படுத்து எண்ணெய் வடிக்கும் ஆணியைக் கழற்றியபோது பாற்தேநீர் நிறத்தில் ஒன்று வடிந்தது. அதோடு பல்சக்கரத்தில் உடைந்த இரண்டு பற்களும் வந்து தகரத்தில் விழுந்தன.

வேறு டிஃப் ஜௌபரின் கடையிலிருந்து வந்தது. முந்நூறு யார் தூரம் தள்ளி அதே வீதியில் பழைய வாகனச் சாமான் விற்கிறவர் ஜௌபர். இஸ்ஸதீனைவிட ஆறேழு வயது மூத்தவர். சாமான் வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பளபளத்தது. இஸ்ஸதீன் அதைக் கையால் சுழற்றிச் சுற்றுக்களை எண்ணி, பழையதோடு கணக்குச் சரி என்று கண்டபிறகே தோளில் வைத்துக்கொண்டு வந்தான்.

டிஃப்பைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். கியர்ப் பெட்டியிலிருந்து டிஃப்புக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டு அது. இரண்டு துண்டாக இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று பல்லுப் பல்லாகச் செருகிக்கொள்ளும். எந்தப் பல்லிலிருந்து உருவினோமோ அதே பல்லில் திரும்பச் செருக வேண்டும். தவறினால் இரு முனையிலும் உள்ள மூட்டுகள் ஒரு நேர்கோட்டில் நிற்காது, ஓட்டத்தில் வண்டி நடுங்கும். ஆகவே உருவுமுன் இரண்டு துண்டுக்கும் குறுக்கே இஸ்ஸதீன் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்பான். வெற்றிலையை விட்டு ஆறு வருடமாகியும் சுண்ணாம்பு டப்பா அவன் சட்டைப் பையில்தான் கிடந்தது.

அன்றும் கோடு இழுத்தான். முன்துண்டு வண்டியிலேயே தொங்கியது. பின்துண்டை வெளியே எடுத்தான். மீன் வண்டியின் சாமானைக் கழுவாமல் கையாள முடியாது. நாற்றம் ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம். மண்ணெண்ணெய் போட்டுக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கிணற்றுத் தண்ணீர் மூன்று வாளி ஊற்றி, வேலியில் சாய்த்து வெயிலில் காயவிட்டான். டிஃப்பை ஏற்றி இறுக்கி முடிக்கும்போது மணி பதினொன்றரை. முபாரிஸ் ஜும்ஆவுக்குமுன் வண்டி வேண்டும் என்று நின்றான், தொழுதவுடன் சிலாபத்துக்கு மீன் ஏற்ற வேண்டுமாம். இஸ்ஸதீனுக்கும் குளித்துப் பள்ளிக்குப் போக வேண்டும். வேலியிலிருந்து ஷாஃப்டை எடுத்துவந்து, வெள்ளைக் கோட்டை வெள்ளைக் கோட்டோடு பார்த்துச் செருகி, பின்முனையின் நாலு திருகாணியையும் இறுக்கினான். பாங்கு சொல்லும்போது கைக்கு சோப்புத் தூள் போட்டுக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை முபாரிஸ் தொலைபேசியில் வந்தான். ஐம்பத்தைந்தைத் தாண்டினால் வண்டி நடுங்குகிறது என்றான். டயராக இருக்கும் என்று இஸ்ஸதீன் சொன்னான். டயரை முன்பின் மாற்றிப் பார்த்தார்கள், நடுக்கம் போகவில்லை. புதன்கிழமை ஷாஃப்டின் பின்மூட்டைத் திரும்பவைக்கிற சிலுவைத் துண்டான குறொஸ் ஜொயின்டைப் புதிதாகப் போட்டான். அது பின்முனையில் செய்கிற வேலை. நடுவில் இரண்டு துண்டும் சேருகிற இடத்தில் அவன் கை வைக்கவில்லை. அது கோடு போட்டுச் செருகியது. இருபது வருடமாக அவன் போட்ட கோடு பிழைத்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, பதினாறாம் திகதி, முபாரிஸ் தொழுகைக்கு இஸ்ஸதீனின் பள்ளிவாசலுக்கே வந்துவிட்டான். தொழுது முடிந்து ஆட்கள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். கடற்காற்று தொப்பிகளைப் பிடுங்கியது. ஐம்பது பேராவது நின்றிருப்பார்கள். முபாரிஸ் மெதுவாகக் கதைக்கத் தெரியாதவன். படகில் நின்று கரைக்குக் கத்திப் பழகிய தொண்டை.

"இஸ்ஸதீன் நானா, என்ட வண்டிய என்ன செஞ்சி வெச்சீக்கிறீங்க? நேத்து சிலாபத்துக்குக் கொண்டுபோன சூடை மீனெல்லாம் சம்பலாப் போச்சி. வாங்கிறவன் கேக்கிறான், இதைப் பொரிக்கிறதா, இல்லாட்டி பாணுக்குப் பூசறதாண்டு."

சனம் சிரித்தது. நல்ல சிரிப்புத்தான், அதில் நஞ்சு இருக்கவில்லை. ஆனால் இஸ்ஸதீனின் காது சுட்டது. இந்தப் பாதையில் அவன் கையைக் குறை சொன்னவர் எவருமில்லை. மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து பதினொரு வயதில் உடுத்த சாரத்தோடு வந்தவன். அகதிப் பொடியன் என்று கூப்பிட்ட ஊரில் பாஸ் என்று கூப்பிடவைத்தது இந்தக் கைதான்.

"நான் எல்லாத்தையும் பாத்தாச்சி," என்றான். தன் குரலும் உயர்ந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. "டயர் பாத்தன், ஜொயின்ட் மாத்தினன், ஷாஃப்ட் பாத்தன். என்ட வேலையில பிழை இல்ல. கடல்ல ஊறின டிஃப்புக்கு வெள்ளிப் பெயின்ட் அடிச்சித் தந்தா நான் என்னத்தச் செய்ய?"

சிரிப்பு நின்றது. இஸ்ஸதீன் ஏனென்று திரும்பிப் பார்த்தான். மூன்று எட்டுத் தள்ளி ஜௌபர் நின்றார். ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றதை விரலால் துழாவிக்கொண்டிருந்தார். செருப்பு அகப்பட்டது. மாட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்றவருக்கு சலாம் சொல்லிவிட்டு, வீதியைக் கடந்து போனார்.

அந்த வார்த்தை அதன்பிறகு தானாக நடந்தது. மீன் ஏற்றுகிறவர்கள் அதைக் கண்டக்குழிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து இரண்டு பேர் ஜௌபரிடம் வாங்கிய சாமான்களைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்று போன வருடம் வாங்கிய ரேடியேட்டர். கேட்டபோது, பெயின்ட் அடித்ததுதானே என்றார்களாம்.

பள்ளியில் வேறொன்று நடந்தது. நோன்பு நெருங்கியிருந்தது. கஞ்சிப் பட்டியல் கைகால் கழுவுகிற ஹவுளுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. முப்பது நாளுக்கும் எந்த எந்த வீட்டுக் கஞ்சி என்று. முதல் நாள் எப்போதும் ஜௌபரின் வீட்டுக்கு. அவருடைய வாப்பா காலத்திலிருந்து அப்படி. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஓடி வந்தவர்களுக்குத் தன் தென்னந்தோட்டத்தில் கிடுகுக் குடிசை போட இடம் கொடுத்தவர் அந்த மனிதர். அடுத்த வருட நோன்பின் முதல் நாள் தோட்டத்துக்கு வாளி வாளியாகக் கஞ்சி வந்தது. இஸ்ஸதீனும் அதைக் குடித்திருக்கிறான். இப்போது யாரோ ஒருவர், பேர் தெரியாது, ஊரை ஏமாற்றிய காசில் காய்ச்சுகிற கஞ்சியில் நோன்பு திறப்பதா என்று கேட்டிருக்கிறார். நிர்வாகத்தில் இருந்த மீன் வியாபாரி நளீம் ஹாஜியார் அதற்கு ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை லுஹர் தொழுகைக்கு வந்த ஜௌபர், சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துத் தன் பெயரைத் தானே வெட்டிவிட்டுப் போனார்.

இதை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் மர்ளியா. இஸ்ஸதீனின் மனைவி. இடியப்பத்தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். வெட்டத்தானே வேணும், உங்கட பேரக் கெடுத்த மனுசன் என்றாள். ஜௌபரின் மனைவி ரிஃப்காவோடு ஒரே குர்ஆன் வகுப்புக்குப் போகிறவள் அவள். வகுப்பில் தான் என்ன சொன்னாள் என்பதையும் ஒரு பெருமையோடு சொன்னாள். ரிஃப்கா அன்று பாதியில் எழும்பிப் போய்விட்டாளாம்.

இஸ்ஸதீன் சாப்பிட்டுக்கொண்டிருந்த சூடைமீனில் முள் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை முபாரிஸ் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். இந்த டிஃப்பைக் கழற்றிவிட்டுச் சிலாபத்தில் ஒன்று பார்ப்பது என்று பேச்சு. பத்து மணிக்கே வெயில் தகரத்தைச் சுட்டது. வீதிக்கு அப்பால் மிளகாய்த் தோட்டத்தில் தண்ணீர் தூவிக்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால் காற்றாலைகள் ஒன்று பின் ஒன்றாகச் சுழன்றன. இஸ்ஸதீன் சாக்கை விரித்து அடியில் படுத்தான். நாலு ஆணியையும் தளர்த்திவிட்டு, பழக்கத்தில் சுண்ணாம்பு டப்பாவை எடுத்தான். எடுத்தவன், கோடுதான் ஏற்கனவே இருக்கிறதே என்று நினைத்து அதைப் பார்த்தான்.

முன்துண்டில் கோடு தடிப்பாக, விரல் இழுத்த தடத்தோடு இருந்தது. பின்துண்டில் இருந்தது மெல்லியது, வளைந்தது. கோட்டின் கடைசியில் ஒரு துளி மாதிரி உருண்டு நின்றது. அவன் இழுத்த கோடு அப்படி முடியாது.

மல்லாந்து கிடந்தபடி விரலை எச்சிலில் தொட்டு அதைத் தேய்த்தான். விரலை நாக்கில் வைத்தான். சுண்ணாம்பென்றால் நுனிநாக்கு வெந்திருக்கும். இது உப்பு.

கிணற்றுத் தண்ணீர். இந்த வீட்டுக் கேத்தலின் அடி வெள்ளை பூத்திருப்பது அந்தத் தண்ணீரால்தான். காயப்போட்ட கறுப்பு அபாயாவில் கோடு விழுகிறதென்று மர்ளியா ஏசுவதும் அந்தத் தண்ணீரைத்தான். கம்பித் தூரிகை பின்துண்டின் சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டது. வேலியில் சாய்த்த இரும்பில் வழிந்த தண்ணீர் காய்ந்து அதற்குப் பதிலாக ஒரு கோட்டைப் போட்டுவிட்டது. அவன் அதைப் பார்த்து, பாங்குக்கு முன் செருகியிருக்கிறான். மூட்டுகளைத் தலைதூக்கிப் பார்த்தான். ஒன்று ஒரு பக்கமும் மற்றது இன்னொரு பக்கமும் முறுகி நின்றன. தொழில் பழக வந்த முதல் மாதத்தில் சொல்லிக்கொடுக்கிற பிழை. கோடு தேவையே இல்லை, கண் இருந்தால் போதும். மூன்று பல்லுப் பிசகு.

பிறகு ஷாஃப்டை உருவி, மூட்டுகளை நேர்பார்த்து, மூன்று பல்லுத் தள்ளிச் செருகி, ஆணிகளை இறுக்கினான். வேலை பத்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஆலங்குடாப் பக்கம் போனான். அறுபது, எழுபது, எண்பது. ஸ்டியரிங்கில் ஒரு விரல் மட்டும் வைத்துப் பார்த்தான். டிஃப்பிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. நல்ல சாமான், அருமையான சாமான். திரும்பி வரும் வழியில் காற்றாலைக்குக் கீழே ஓரத்தில் நிறுத்தினான். யாராவது வாகனம் பழுதா என்று கேட்க நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் உடனே மறுபடியும் எடுத்தான்.

கராஜை ஒட்டிய வீட்டு வாசலில் மர்ளியா நின்றாள். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவள், அவன் வண்டிக்கு அடியில் விரலை நக்கியதைப் பார்த்திருக்கிறாள்.

"என்னத்த நக்கிப் பாத்தீங்க?"

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாததையா மனுசன் நக்கிப் பாக்கிறது?"

சொன்னான். முழுவதையும் சொன்னான். அவள் கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஷாஃப்ட் பாத்தன் எண்டு சொன்னீங்களே பள்ளியில."

"ஓம்."

"பாக்கயில்லயா?"

"பாக்கயில்ல."

அவள் பாயில் குந்தினாள். "நான் ரிஃப்கா ராத்தாட முகத்துக்கு நேர சொன்னன். பெயின்ட் அடிச்ச சாமான் மாதிரித்தான் சில ஆக்களும் எண்டு. பொம்புளையளெல்லாம் சிரிச்சாங்க. நான் திரும்பவும் சொன்னன், சிரிக்கட்டும் எண்டு."

அதற்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மத்தியானச் சோற்றை அவள் மூடி வைத்துவிட்டுப் போனாள். அவனே போட்டுத் தின்றான்.

புதன்கிழமை காலை முபாரிஸ் வண்டி எடுக்க வந்தான். சிலாபத்து டிஃப் எங்கே என்று கேட்டான். ஓட்டிப் பாரு என்று இஸ்ஸதீன் திறப்பைக் கொடுத்தான். வழியில் சொல்லிவிடுவது என்று நினைத்துத் தானும் ஏறிக்கொண்டான். நுரைச்சோலைவரை போய்த் திரும்பினார்கள். முபாரிஸ் எண்பத்தைந்தில் இரண்டு கையையும் விட்டுக் காட்டினான்.

"நானா, உங்கட கைக்கு ஒரு முத்தம் தரணும். அந்த ஊத்தை டிஃப்பையே ஓட வெச்சிட்டீங்களே. வேற பாஸ்மாரெண்டா இன்னொண்டு வாங்கு எண்டுதான் சொல்லியிருப்பான். என்ன செஞ்சீங்க?"

இப்போது சொல்ல வேண்டும் என்று இஸ்ஸதீனுக்குத் தெரிந்தது. வாயும் திறந்தது.

"ஷாஃப்ட்ட கொஞ்சம் சரிப்படுத்தினன்," என்றான்.

"அதான். சாமான் பிழையெண்டாலும் கை சரியெண்டா ஓடும். ஜௌபர் நானா இதப் பாக்கணும்."

சந்தியிலிருந்த தேநீர்க்கடையில் முபாரிஸ் வண்டியை நிறுத்தினான். உள்ளே இருந்த நாலைந்து பேருக்கும் கதையைச் சொன்னான். இஸ்ஸதீன் கெட்ட சாமானில் நல்ல ஓட்டம் எடுத்தவனானான். ஒருவர் எழும்பித் தன் கதிரையைக் கொடுத்தார். பிளேன்டீ வந்தது. அதைக் குடித்தான். பொய் சொன்னது ஒரு தரம் என்றும், இன்று வாயைத் திறக்காமலே இரண்டாம் தரமும் சொல்லியாயிற்று என்றும் கிளாசின் அடியில் கிடந்த சீனியைப் பார்த்தபடி நினைத்தான். வியர்த்தது. சூட்டில் குடித்ததால் என்று எவரும் நினைத்திருப்பார்கள்.

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, ஜௌபரிடம் போனான். ஆளில்லாத நேரம் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. கடையின் கூரையில் வாகனக் கண்ணாடிகள் கட்டித் தொங்கின. எல்லாவற்றிலும் அவன் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தான். ஜௌபர் ஒரு கியர்ப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதிரையைக் காட்டினார். உள்ளேயிருந்து தேநீர் வந்தது. ரிஃப்கா வழக்கமாகத் தானே கொண்டுவந்து மர்ளியாவைச் சுகம் விசாரிப்பாள். அன்று திரைச்சீலைக்குக் கீழால் தட்டு மட்டும் வந்தது.

"ஜௌபர் நானா, உங்கட டிஃப்ல பிழை இல்ல. ஷாஃப்ட்ட நான் பிழையாப் பூட்டியிருக்கன்."

ஜௌபர் துணியை மடித்தார். "எத்தனை பல்லு?"

"மூணு."

"மூணு." தலையை ஆட்டினார். "அதான் ஐம்பத்தஞ்சிலயே நடுங்கியிருக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரமும் சனிக்கிழமையும் உனக்குக் கோல் எடுத்தேன். ஷாஃப்ட்ட ஒருக்காப் பாருண்டு சொல்லத்தான். நீ தூக்கல்ல."

"கண்டன்."

"கண்டும் தூக்கல்ல."

"நீங்க சண்டைக்கு எடுக்கிறீங்க எண்டு நினைச்சன்."

"நான் எப்ப உன்னோட சண்டை புடிச்சேன்?"

இஸ்ஸதீன் நினைத்துப் பார்த்தான். அப்படி ஒரு நாள்கூட நினைவில் வரவில்லை.

"பெயின்ட் அடிச்சது உண்மைதான்," என்றார் ஜௌபர். "உப்புக் காத்துக்கு இரும்பு நிக்காதுண்டு எல்லாத்துக்கும் அடிக்கிறேன். உனக்குத் தெரியாதா? அந்த டிஃப்புக்கு அடிக்கயில நீ இந்தக் கதிரையிலதானே இருந்தாய். காயுமட்டும் பொறு, கைல ஒட்டும்ண்டு சொன்னேன். நீ ஓமெண்டாய்."

அது அவனுக்கு ஞாபகம் இருந்தது. பள்ளி வாசலில் அந்தச் சொல்லைச் சொன்னபோதும் ஞாபகம் இருந்தது. பெயின்ட் என்ற சொல் வாயில் உடனே வந்ததே அதனால்தான்.

"மாப்புத் தாங்க நானா."

"தந்திட்டேன்." அவர் அதை மிக இலேசாகச் சொன்னார். கேட்டவுடன் ஒரு ஆணியை எடுத்துக் கொடுக்கிற மாதிரி. பிறகு கியர்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ சொன்னதுகூடப் பரவாயில்ல. கோவத்தில மனுசன் சொல்லுவான். அங்க நிண்டவங்க முப்பது வருஷமா என்ட கையால சாமான் வாங்கினவங்க. நீ சொல்லி முடிக்க முன்னமே நம்பிட்டாங்களே. அதத்தான் எனக்கு விழுங்க ஏலாம ஈக்கிது."

மோட்டார் சைக்கிளுக்கு பல்பு கேட்டு ஒருவர் வந்தார். ஜௌபர் எழும்பினார். இஸ்ஸதீன் தேநீரை முடித்துவிட்டு, கிளாசைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

வீதிக்கு வந்தபோது மார்பில் ஒரு சுமை இறங்கியிருந்தது. பசிகூட எடுத்தது. கராஜ் வாசலுக்கு வரும்போதுதான் அந்த இறக்கமே அவனைச் சுட்டது. ஐம்பது பேருக்குமுன் ஒருவருடைய பேரைக் கெடுத்துவிட்டு, ஆளில்லாத கடையில், திரைச்சீலைக்குப் பின்னால் ரிஃப்கா மட்டும் கேட்க, மாப்பு வாங்கிவந்திருக்கிறான். ஜௌபர் பள்ளியில் சொல் என்று கேட்டிருந்தால் அது கடனைக் கொடுப்பதுபோல இருந்திருக்கும். அவர் கேட்கவில்லை.

மர்ளியாவும் அன்று பின்னேரம் ரிஃப்காவிடம் போனாள். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து குசினிக்குள் போனவள், வெளியே வராமலே சொன்னாள்.

"வாங்க, இரிங்க எண்டாங்க. பேசினன். நீங்க எண்டு சொல்லிக் கதைச்சாங்க. முந்தி நீ எண்டுதான் சொல்லுவாங்க."

இருபத்துமூன்றாம் திகதி வெள்ளிக்கிழமை இஸ்ஸதீன் கராஜைத் திறக்கவில்லை. நேரத்தோடு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பள்ளியில் மூன்றாம் வரிசையில் போய் இருந்தான். குத்பாப் பிரசங்கத்தில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. என்ன சொல்வது என்பதை மட்டும் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். சலாம் கொடுத்ததும் எல்லோருக்கும் முன்பாக வாசலுக்கு வந்து, படியில் ஏறி நின்றான்.

"கொஞ்சம் நில்லுங்க. ஒரு கதை சொல்லணும்."

ஆட்கள் நின்றார்கள். வீட்டில் நெய்ச்சோறு காத்திருக்கும் நேரம். செருப்பைப் போட்டுக்கொண்டே நின்றார்கள். முபாரிஸும் வந்திருந்தான். நளீம் ஹாஜியார் உள்வாசலில் நின்றார். இஸ்ஸதீன் கண்ணால் ஜௌபரைத் தேடினான். காணவில்லை. யாரோ அவன் தேடுவதைப் பார்த்து, அவர் இந்தக் கிழமை பாலாவிப் பள்ளிக்குப் போய்விட்டார் என்றார்.

தொடங்கினான். ஷாஃப்ட் இரண்டு துண்டு என்று சொன்னான். பல் என்றான், மூட்டு என்றான், சுண்ணாம்பையும் கிணற்றுத் தண்ணீரையும் விளக்கினான். பாங்கு நெருங்கிய அவசரத்தையும் சேர்த்தான். முகங்களில் ஒன்றும் ஏறவில்லை. ஓரத்தில் இருந்தவர்கள் நகரத் தொடங்கினார்கள். தான் தொழிலை விளக்கி விளக்கி அதன் அடியில் ஒளிந்து படுத்திருப்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"பிழை என்ட பிழைதான்," என்றான். "போன கிழமை இந்த இடத்தில நிண்டு, எல்லாம் பாத்தன் எண்டு சொன்னது பொய். நான் பாக்கயில்ல. ஜௌபர் நானாட சாமான் நல்ல சாமான். பெயின்ட் எதுக்கு அடிக்கிறார் எண்டும் எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கொண்டுதான் சொன்னன்."

முதலில் வாய் திறந்தவர் ஊரின் பழைய ஆட்களில் ஒருவர், தோட்டக்காரர். அவர் இஸ்ஸதீனைப் பார்க்காமல் பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னார்: "அவர்ட வாப்பா குடுத்த நிலத்தில வளந்தவன்."

இஸ்ஸதீனின் ஆட்களும் அங்கே நின்றார்கள், மன்னாரிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவனுக்காகத் தாங்கள் ஏன் குனிய வேண்டும் என்று ஒருவன் முணுமுணுத்ததும் கேட்டது.

முபாரிஸ் படிக்குக் கிட்ட வந்தான். இந்த முறை மெதுவாகத்தான் கதைத்தான். "புதன்கிழமை நான் தேத்தண்ணிக் கடையில அவ்வளவு சொல்லயிலயும் உங்களுக்குத் தெரியுமா நானா?"

"தெரியும்."

"இருந்து குடிச்சீங்களே."

"ஓம்."

முபாரிஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அன்று பின்னேரம் நளீம் ஹாஜியாரும் இன்னும் இரண்டு பேரும் ஜௌபரின் வீட்டுக்குப் போனார்கள். பட்டியலில் பெயரைத் திரும்ப எழுதுவோம் என்று கேட்டார்கள். ஜௌபர் அவர்களை இருத்தி, தேநீர் கொடுத்து, யாரோடும் தனக்கு மனத்தாங்கல் இல்லை என்றார். கஞ்சியை இந்த வருடம் பாலாவிப் பள்ளிக்குப் பேசிவிட்டதாகவும், சொன்ன சொல்லை மாற்ற முடியாது என்றும் சொன்னார். அவர்கள் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

மார்ச் மாதம் முதல் வாரம் முபாரிஸ் பிரேக் வேலைக்குத் தன் கெப்பை நுரைச்சோலையில் வேறொரு கராஜில் விட்டான். ஜௌபரிடம் ரேடியேட்டரைத் திருப்பிக் கொண்டுபோனவர் அதை மறுபடியும் வாங்கிக்கொண்டார். மார்ச் 12ஆம் திகதி நோன்பு தொடங்கியது. முதல் நாள் கஞ்சியை நளீம் ஹாஜியார் வீட்டார் கொடுத்தார்கள்.